ரத்தம் கேட்டுப் போன முரடர்

டயர்க்கடைக்காரரை அந்தச் சாலையில் எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சர் ஒட்டும் கையா, பல்லைக் கழற்றும் கையா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வாய் திறப்பதற்குள் கை நீண்டுவிடும். வரிசையில் முந்திவிட்டான் என்று ஒரு லாரி டிரைவரை அறைந்ததில் அவனுக்கு இடது காது செத்துப்போனது. காதோடு டிரைவர் வேலையும் போச்சு. இப்போது பக்கத்து லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறான், பாவம்.

அப்பேர்ப்பட்ட இடியைத்தான் ரத்தப் புற்றுநோய் கட்டிலில் மல்லாத்திப் போட்டது. மாதக்கணக்கில் ஊரார் ரத்தம்தான் அவர் உடம்பில் ஏறியது. யார் கொடுத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. பிழைத்து வந்தவர் கை ஓங்குவதையே விட்டுவிட்டார்.

"எவன் ரத்தம் உள்ள ஓடுதோ! நன்றி கெட்டுப்போய் யாரைன்னு அடிக்கிறது?" என்பார்.

கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, தான் படுத்திருந்த புற்றுநோய் வார்டுக்கு ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டார். இடி கெஞ்சுகிற அதிசயத்தைப் பார்க்கவே சிலர் வந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கு வார்டில் ஒரு தையல்காரிக்கு மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. அவளுடைய ரத்த வகை அபூர்வமானது; சாயங்காலத்துக்குள் வேண்டும். விசாரித்ததில் அகப்பட்ட ஒரே ஆள், விதியைப் பாருங்கள், அந்தக் காது போனவன்தான்!

இடியின் மனைவி வாசலை மறித்துக்கொண்டாள். "ஏங்க, மாத்திரை தின்னு உங்க எலும்பெல்லாம் சாக்பீஸா இருக்கு. அவன் சும்மா விடுவானா?"

"விடமாட்டான். அதுக்காக அந்தப் பொண்ணு சாகணுமா?"

ஷெட்டில் விஷயத்தைக் கேட்டதும் அவன் மூட்டையைக் கீழே போட்டான்.

"குடுக்கறேன்டா. முன்னாடி என் ஆத்திரம் தீரணும். கையைப் பின்னாடி கட்டு."

இடி கட்டிக்கொண்டார். முதல் அறையில் உதடு கிழிந்தது. வயிற்றில் விழுந்த குத்தில் சுருண்டு விழுந்தார். அவன் விடவில்லை, மிதித்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் சுற்றி நின்றவர்களுக்கே கேட்டது. ஒருவரும் கிட்ட வரவில்லை.

"திருப்பி அடிடா! ஆம்பளைன்னா அடி!" என்று அழுதுகொண்டே கத்தினான்.

கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. பழைய இடியாக இருந்தால் ஒரே வீச்சு, கதை முடிந்திருக்கும். உள்ளங்கை நமநமவென்று அரித்தது. அவர் விரல்களை இன்னும் இறுக்கிப் பின்னிக்கொண்டார்.

"அடிக்கமாட்டேன்பா. உனக்குக் காயம்பட்டா ரத்தம் எடுக்கமாட்டாங்க."

ஓங்கிய கால் அப்படியே நின்றது.

இடி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். "சாப்பிட்டியா?"

"என்ன?"

"வெறும் வயித்தோட போனா திருப்பி அனுப்பிடுவாங்க. சாப்பிட்டியான்னு கேக்கறேன்."

அவன் மூச்சிரைக்கக் காலைக் கீழே இறக்கினான். "இல்ல," என்றான், "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அப்ப மொதல்ல உனக்குச் சாப்பாடு," என்று இடி கையை நீட்டினார். "தூக்கிவிடு. என்னை அப்புறமா அட்மிட் பண்ணிக்கலாம்."