ஜன்னல் கை

மருத்துவர் ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து, அவற்றை நடுவில் ஒரு குட்டிக் கோட்டால் சேர்த்துக் காட்டிவிட்டு, பக்கத்து அறைக்குப் போயிருந்தார். நானும் என் மாமனாரும் மட்டும் இருந்தோம்.

"என்னம்மா சொன்னாரு? ஆர்ட்டரின்னாரு, வெயின்னாரு, ஒண்ணும் புரியல."

"ஆர்ட்டரின்னா தமனி மாமா. இதயத்துலேர்ந்து ரத்தத்தை வெளிய கொண்டுபோறது. வெயின்னா சிரை. திரும்பக் கொண்டுவர்றது."

"தமனி, சிரை. அக்கா தங்கச்சி பேரு மாதிரி இருக்கு. நாங்க எல்லாத்தையும் நரம்புன்னுதான் சொல்லுவோம்."

"ரெண்டையும் கையில ஒரு இடத்துல சேத்துத் தைக்கப் போறாங்க. அப்ப சிரை நல்லாத் தடிக்கும். டயாலிசிஸ் மெஷினுக்கு ஊசி குத்த வசதி."

"அதாவது, போற வண்டியும் வர்ற வண்டியும் ஒரே ரோட்டுல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கிலீஷ்ல பெரிய ரோட்டுக்கும் அந்தப் பேருதான் மாமா. நீங்க பஸ் ஓட்டுன மெயின் ரோட்ட ஆர்ட்டரியல் ரோடுன்னுதான் எழுதுவாங்க."

"சும்மா சொல்லாத."

"நெஜமா மாமா."

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரு பேர யாருக்கு வச்சாங்க?"

"நரம்போட பேரத்தான் ரோட்டுக்கு வச்சாங்க."

"அதானே. ரோட்டுப் பேர நரம்புக்கு வச்சிருந்தா, குழியத் தோண்டிப் போட்டுட்டு மூடாமப் போயிருப்பானுங்க."

மருத்துவர் திரும்பி வந்து, எந்தக் கையில் செய்யலாம் என்று பார்க்க இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். "இது கியர் கை, இது ஜன்னல் கை" என்று அறிமுகம் செய்தார் மாமா. கியர் கையில் ரத்தக்குழாய்கள் மெலிந்திருந்தன. ஜன்னல் கைதான் தேறியது. "இது ஒண்ணுதான் இருக்கு. அடைச்சுப்போச்சுன்னா அப்புறம் கழுத்துலதான் குழாய் போடணும்" என்றார் மருத்துவர். டயாலிசிஸ் அறையில் கழுத்துக் குழாயோடு ஒருவரை மாமா ஏற்கெனவே பார்த்திருந்தார்.

நகரத்துப் பிரதான சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பஸ் ஓட்டியே ஓய்வு பெற்றவர் அவர். பணிமனையில் அவருக்கு 'ஊமை' என்று பெயர். ஹாரன் அடிப்பதென்றால் அவ்வளவு கூச்சம். "ரோட்டுல அடிக்காத ஹாரனையெல்லாம் சேத்து வச்சு வீட்டுல அடிப்பாரு" என்பது அத்தையின் புகார். ஆனால் மருமகளாக நான் வந்த புதிதில் வீட்டிலும் அந்த ஹாரன் கேட்கவில்லை. நானும் வாய் திறக்காதவள். இரண்டடி தள்ளி நான் நிற்கும்போதே, "அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு" என்று அத்தையிடம் சொல்வார். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்த பிறகு, ஆங்கிலத்தில் இருக்கும் மருத்துவமனைத் தாள்களைப் படித்துச் சொல்ல நான் கூடப் போக வேண்டியிருந்தது. அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது.

ஜன்னல் கையில் போட்ட தையல் ஆறியபோது, தோலுக்கடியில் ரத்தம் பாயும் அதிர்வு தெரிந்தது. தினமும் காலையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றிருந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்றார் நர்ஸ். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, கடிகாரம் கட்டக் கூடாது, எதன் மீதும் அழுத்தி வைக்கக் கூடாது. மாமா கடிகாரத்தைக் கியர் கைக்கு மாற்றினார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, விரல்களைக் கையின் மேல் வைப்பார். அத்தை டீ தம்ளருடன் சமையலறை வாசலில் நிற்பார்.

"வண்டி ஓடுது" என்பார் மாமா.

"ஓடட்டும், ஓடட்டும்" என்று அத்தை உள்ளே போவார்.

எங்கள் வீடு மாடியில், அந்தப் பிரதான சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. ஜன்னலோரம் மாமாவின் நாற்காலி. இப்போது அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறோம். அப்போது ஜன்னல் கைதான் ஜன்னல் பக்கம் இருந்தது. உட்கார்ந்ததும் அந்தக் கை தானாகவே முழங்கையோடு ஜன்னல் விளிம்பில் போய் ஏறிக்கொள்ளும். "பாரு, ஸ்டாப்பத் தாண்டி நிறுத்துறான். அந்தம்மா மூட்டையத் தூக்கிட்டு ஓடி வருது, கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று கீழே போகும் பஸ்களைத் திட்டிக்கொண்டிருப்பார். "கை, மாமா" என்பேன். எடுத்துக்கொள்வார். அடுத்த பஸ் வருவதற்குள் கை பழைய இடத்துக்குப் போயிருக்கும். நானே அதைத் தூக்கி மடியில் வைத்திருக்கலாம். மாமனாரின் கையைத் தொட எனக்குத் தயக்கம்.

ஒருநாள் குழாய் பதிப்பதற்காகச் சாலையைத் தோண்டினார்கள். பஸ்கள் ஊர்ந்தன. அன்று பிற்பகல் முழுவதும் வேடிக்கை பார்த்தவர், விளிம்பில் கிடந்த கையின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனார். மறுநாள் காலையில் வழக்கம்போல, "வண்டி ஓடுது" என்றார். அத்தை டீயைக் குடித்தார். நாங்கள் டயாலிசிஸுக்குக் கிளம்பினோம்.

நர்ஸ் அவர் கையைத் தொட்டார். விரலை நகர்த்தி மறுபடியும் தொட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"காலைல பாத்தீங்களாய்யா?"

"பாத்தேனே. ஓடுச்சு."

"இல்லீங்கய்யா. நின்னிருக்கு."

அறுவை அரங்குக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது நானும் கூடவே நடந்தேன். "குழியத் தோண்டிட்டானுங்கம்மா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, கழுத்தைத் தடவிக்கொண்டார். கணவர் வேலையிலிருந்து வந்து சேரும்வரை மூடிய கதவுக்கு வெளியே நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மருத்துவர் வெளியே வந்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தாயிற்று, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

மருந்து வாங்கக் கணவர் கீழே போனபோது நான் கட்டிலருகே போய் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலைல பாத்தேன்னு சொன்னீங்களே மாமா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விரல்ல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சர்க்கரை எப்பவோ தின்னுடுச்சு. சட்டை பட்டனே கண்ணால பாத்துத்தான் போடறேன்."

"கையக் காதுல வச்சுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். பழைய பஸ்ல எஞ்சின் டிரைவர் பக்கத்துலயேதான் இருக்கும். காது அதோட போச்சு."

"அப்ப தினம் வண்டி ஓடுதுன்னு சொன்னது?"

"உங்க அத்தை தம்ளரை வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாளே, பாத்ததில்லையா? நான் சொன்னப்புறம்தான் ஒரு வாய் குடிப்பா."

கட்டுப் போட்டிருந்த கையை அவரே என் பக்கம் நகர்த்தினார். கட்டுக்கு மேலே, தோல் தெரிந்த இடத்தில் இரண்டு விரல்களை வைத்தேன். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் கம்பியைப் பிடித்ததுபோல் இருந்தது.

"ஓடுது மாமா."

"இனிமே தினம் காலைல நீதான் பாத்துச் சொல்லணும். ஓடுனா ஓடுதுன்னு சொல்லு, நின்னா நின்னுபோச்சுன்னே சொல்லு. உங்க அத்தை டீ ஆறினா ஆறட்டும்மா."