மான்குர்த்துக்குத் தக்காளி நாற்றோடு ஓடிய ஞாயிறு

நாற்பத்தொன்பதில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு காலை, மாட்டுங்காவிலிருந்து மான்குர்த்துக்கு ஓடினேன். ஊர் பார்க்க அல்ல. சுப்பையாவின் குத்தகை நிலத்தைப் பற்றி நான் சொல்லியனுப்பியது தப்பு என்று அன்றுதான் தெரிந்தது.

திருநெல்வேலிக்காரரான சுப்பையா, களை ஒழிய யாரோ கொடுத்த புது மருந்தை மழைக்கு முன் தெளித்துவிட்டார். இனிக் காய்கறி வருமா என்று பயந்து, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் ஒரு டின் மண் கொடுத்தார். சமையலறை ஜன்னலில் தொட்டி வைத்துத் தக்காளி விதைத்தேன். முளைத்ததெல்லாம் சுருண்டது. நிலம் கெட்டுவிட்டது, விட்டுவிடும் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டேன். சந்தேகத்துக்கு, பால்கனியில் சில வாரம் கிடந்த மீதி மண்ணிலும் விதைத்திருந்தேன். ஞாயிறன்று பார்த்தால், அந்த நாற்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன!

“அது வெளியில இருக்கறதாச்சேன்னு விட்டுட்டேன். அடுக்களைக்கு வந்த மண்ணை மட்டும் வாணலியில வறுத்தேன். புழு பூச்சி வரப்படாதோன்னோ?” என்றாள் என் மனைவி அம்புஜம்.

மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த மருந்தைத் தின்று சிதைப்பவை. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் சில வாரங்களில் வேலையை முடித்துவிடும். அவற்றை வறுத்துக் கொன்றுவிட்டு மண்ணைக் குற்றம் சொல்லியிருக்கிறோம்!

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குர்லாவில் மின்வண்டியை விட்டிறங்கிப் புகைவண்டி மாற வேண்டும். டிக்கெட் மூன்றணா. வண்டி எப்போது வரும் என்று யாரையும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். “ஆயேகா, ஆயேகா” என்றான் போர்ட்டர்; வருமாம், வருமாம். வந்த வண்டியில் ஒரே நெரிசல். பால்கனித் தொட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். செம்பூரில் காரணமில்லாமல் நின்றது. அதற்குள் சுப்பையா நிலத்தை விட்டுவிட்டால்? தாராவித் தோல் பட்டறைக்கே திரும்பிவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

மான்குர்த்தில் இறங்கினால், அங்கிருந்தே குர்லாவுக்குத் திரும்பும் நான் வந்த அதே வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார் சுப்பையா. அவர் மனைவி பேச்சியம்மாள் உள்ளே உட்கார்ந்தாயிற்று.

“சுப்பையா, நில்லும்! நிலம் நன்னாயிருக்கு!”

“வெளயாடுதீயளா சார்? நீங்கதான கெட்டுப்போச்சுன்னீய?”

தொட்டியை நீட்டினேன். “உம்ம மண்ணுதான் ஓய். நாங்கதான் வறுத்துக் கெடுத்தோம்.”

இலையைத் தொட்டுப் பார்த்தவர் முகம் வெளுத்தது. “நெலத்துக்காரன்ட்ட போறேன்னு சொல்லிட்டனே!”

பேச்சியம்மாள் மூட்டையைப் பிளாட்பாரத்தில் வீசினாள். “எறக்குங்க! அவன் வேற ஆளப் புடிக்கதுக்குள்ள போயி நிப்போம்.”

ஓடினோம். நல்லவேளை, நிலம் இன்னும் யார் கைக்கும் போகவில்லை.

மண்ணைச் சோதிக்கக் கொடுப்பவர்கள் ஈரத்தோடு பச்சையாகக் கொடுங்கள். அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அந்தப் பட்டத்தில் முதலில் பறித்த கத்தரிக்காயைப் பேச்சியம்மாள் எங்களுக்குத்தான் அனுப்பினாள். கொண்டுவந்த சுப்பையா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “இனி சாருட்ட மண்ணு மட்டும் குடுக்காதீயன்னு எம் பொஞ்சாதி சொல்லிட்டா, சார்.”