குளத்தில் விழுந்த அடையாள அட்டை

எனக்குத் தண்ணின்னாலே பயம். சின்ன வயசுல தேயிலைத் தோட்டத்து ஆத்துல வழுக்கி விழுந்து, அப்பா தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கினதுலருந்து எனக்குக் குளியலெல்லாம் வாளியிலதான். சீகிரியா பக்கம் ஒரு ஹோட்டல்ல ரூம் வேலை பார்த்தப்போ, படகுப் போட்டிக்கு ஆள் குறையுதுன்னு என்னையே பிடிச்சுப் போட்டாங்க. ஒரு ஆள் உக்காந்து ரெண்டு பக்கமும் துடுப்புப் போடுற ஒடுக்கமான படகு. மாட்டவே மாட்டேன்னேன். மேனேஜர் காதுல வாங்கினாத்தானே!

பழக்கிவிட்டவர் எங்க ஹோட்டல்லயே வேலை பார்த்த சிங்களவர், என்னைவிட இளையவர், தங்கமான மனுஷன். சிங்களத்துல அண்ணனைக் கூப்பிடுற மாதிரி என்னை 'அய்யே'ன்னுதான் கூப்பிடுவாரு. "அய்யே, ஜாக்கெட் போட்டா முங்கவே மாட்டீங்க. சாமானெல்லாம் கரையில வச்சிட்டு வாங்க"ன்னாரு. மத்தவங்க பர்ஸ், சட்டையெல்லாம் கல்லுமேல வச்சிட்டு இறங்கிட்டாங்க. எனக்கு மட்டும் அடையாள அட்டையை வைக்க மனசு வரல. யுத்தக் காலம் அது, கார்டு இல்லாத தமிழாளை ஆமிக்காரங்க பிடிச்சு வச்சுக்குவாங்க. எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்த ஒருத்தன் கார்டை வீட்டுல மறந்துட்டு தம்புள்ளைக்குப் போனான். மூணு நாள் கழிச்சுத்தான் விட்டாங்க. அதுக்கப்புறம் அவன் யாரோடயும் சரியாப் பேசல. தோட்டத்துல பொறந்த எனக்கு அந்தக் கார்டை எடுக்க அப்பா எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினாருன்னு எனக்குத்தான் தெரியும். அதனால கார்டையும் ரூம் சாவிக்கொத்தையும் சொப்பிங் பேக்ல சுத்தி இடுப்புல கட்டிக்கிட்டேன். சாவியை ஏன் அதோட சேர்த்தேனோ, மடையன்!

பழக ஆரம்பிச்ச மூணாம் நாள், குளத்து நடுவுல காத்துல படகு கவிழ்ந்துச்சு. ஜாக்கெட் தூக்கி விட்டதுல இருமிக்கிட்டே மிதந்தேன். கை தானா இடுப்புக்குப் போச்சு. பேக் இல்ல. ஐயோ! சாவிப் பாரத்துல அது வெள்ளையா கீழ போயிக்கிட்டிருந்துச்சு. ஜாக்கெட்டைக் கழட்டி வீசினேன். "அய்யே, வேணாம்!"னு அவர் கத்தினது கேட்டுச்சு. மூச்சைப் பிடிச்சு முங்கி, கண்ணைத் திறந்துக்கிட்டே போனேன். சேறு, பாசி, அப்புறம் பிளாஸ்டிக்.

கரையில எல்லாரும் கை தட்டினாங்க. "இனி உங்களுக்குத் தண்ணிப் பயமே இல்ல"ன்னு அவர் முதுகுல தட்டினாரு. அது உண்மைதான். போட்டியிலயும் ஓட்டினேன், கடைசியாத்தான் வந்தேன். "ஒரு கார்டுக்காக உயிரை விடப் பார்த்தீங்களே, தொலைஞ்சா வேற எடுக்கலாமே"ன்னு முங்கி எடுத்த அன்னைக்கு அவர் சிரிச்சப்போ எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆனா அவர் மேல தப்பில்ல. அவரை யாரும் பஸ்லருந்து தனியா இறக்கி நிப்பாட்டினதில்ல.

அந்த வாரமே லீவுல வீட்டுக்குப் போறேன், தம்புள்ளை தாண்டினதும் பஸ்ஸை மறிச்சாங்க. கார்டோட ஒரு ஓரத்துல தண்ணி ஏறி, போட்டோவுல என் கன்னம் கலைஞ்சிருந்துச்சு. ஆமிக்காரர் அதை வெயில்ல தூக்கிப் பிடிச்சாரு. என் முகத்தைப் பார்த்தாரு, திரும்பவும் கார்டைப் பார்த்தாரு. அப்புறம் திருப்பித் தந்தாரு.

குளத்துக்கு அடியில நடுங்காத கால், பஸ் அடுத்த ஊரான நாவுலயைத் தாண்டுற வரைக்கும் நடுங்கிச்சு.