மணவாளன் கழற்றிய ஆர்மோனியம்

மணவாளன் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். நடுவில் சைக்கிள் செயின் தளர்ந்திருப்பது கண்ணில் படும். அதைச் சரிசெய்து, கையைக் கழுவிவிட்டு வந்து மிச்சத்தைத் தின்பார். கடம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டி வருவதற்குள் பிளாட்பாரத்தை இரண்டு தரம் நடந்து முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் முப்பத்தெட்டு வயதில் ஆர்மோனியம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

உறவைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவும் ரத்னாவின் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அந்த வகையில் ரத்னா எனக்குத் தங்கை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ரத்னாவைக் கட்டிய மணவாளன், கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம், தெலுங்கு கலந்து பேசுகிற ஊரிலிருந்து எங்கள் சின்னம்மா வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். காக்களூரில் ஒரு பம்பு பட்டறையில் ஃபிட்டர் வேலை.

ரத்னாவின் அண்ணன் குப்புராஜ் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவின் பஜனைக் கோயிலில் அவன்தான் ஆர்மோனியம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவன் வாசிக்க, ரத்னா பாடுவாள். ஏழு வயதிலிருந்து அண்ணன் பெட்டிக்கு மட்டுமே பாடிய குரல் அது. எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் மஞ்சள் காமாலையில் குப்புராஜ் போய்விட்டான். அந்த வருஷப் புரட்டாசி வெறும் தாளத்தோடு கழிந்தது. ரத்னா கோயில் பக்கமே போகவில்லை.

எங்கள் பஜனைக் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்மோனியம் கோஷ்டிக்குச் சொந்தம். ஆனால் யார் வாசிக்கிறாரோ அவர் வீட்டில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பூப்போட்டுக் கற்பூரம் காட்டவேண்டும். குப்புராஜ் போன பிறகும் ரத்னா அதைச் செய்துகொண்டிருந்தாள்.

மறு வருஷம் சித்திரையில் கோஷ்டித் தலைவர் ராஜமாணிக்கம் மாமா வந்தார்.

"கோச்சிக்காதம்மா ரத்னா. பொட்டி வாசிக்கிறவன் ஊட்ல இருக்கணும். சும்மா கெடந்தா எலிதான் துருத்தியக் கடிக்கும். கிழக்குத் தெருவுல துளசிராமன்னு ரயில்வே கிளார்க்கு குடி வந்துகிறாரு. நல்லா வாசிக்கிறாரு. வெள்ளிக்கெழம ஆள் அனுப்பறேன்."

ரத்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்த மணவாளன் சட்டென்று நின்றார்.

"ஆளு எதுக்கு? நான் வாசிக்கிறேன்."

"யாரு, நீயா மாப்ள? பந்தியில பாயாசம் வர்ற வரைக்கும் உக்கார மாட்டியே!"

"புரட்டாசி மொத சனிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. வாசிக்கலேன்னா நானே தூக்கினு வந்து கிளார்க்கு ஊட்ல வெக்கிறேன்."

மாமா சிரித்துக்கொண்டே போனார். அன்று சாயங்காலம் ரத்னா என் வீட்டுக்கு வந்து அவரைக்காய் ஆய்ந்தாள்.

"அண்ணன் கை பட்ட பொட்டி, அக்கா. அது இந்த ஊட்ட வுட்டுப் போச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். அவ்ளோதான்."

"அவரு வாசிச்சா பாடுவியா?"

"மொதல்ல அவரு உக்காரட்டும்."

பட்டறையில் கமால் என்று ஒரு பையன், பழவேற்காட்டுக்காரன், இருபத்துநாலு வயதிருக்கும். கல்யாண வீடுகளில் கச்சேரிக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை மணவாளன் ரயிலில் கூட்டிக்கொண்டு வருவார். காலை நாஷ்டா முடிந்ததும் பாடம்.

"மொதல்ல ச புடிங்கண்ணே. அங்கியே நில்லுங்க."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துல ஒரு பம்ப கழட்டி மாட்டிடுவேன் நைனா. பாட்டுக்கு வா."

சரளி வரிசையெல்லாம் அவருக்கு ஆகவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து சிவப்பு எனாமல் டப்பாவைக் கொண்டுவந்தார். அங்கே எந்த மெஷினைப் பிரித்தாலும் பாகத்துக்குப் பாகம் பெயிண்டில் நம்பர் போட்டுத்தான் கழற்றுவார்கள். அந்த நம்பரைப் பார்த்துத்தான் திரும்ப மாட்டுவார்கள். அதே மாதிரி ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்கெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். கமால் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கறுப்புக் கட்டைக்கு நம்பரு?"

"அது எதுக்கு? நீ சொல்லிக்குடுத்த மூணு பாட்டும் வெள்ளையிலயே முடிஞ்சிபோச்சே."

"பின்னால வேணும்ணே. மாட்டிக்குவீங்க."

"பின்னால பாத்துக்கலாம்."

சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் மூன்று பாட்டையும் வெறும் நம்பராக எழுதிச் சுவரில் ஒட்டினார். உட்கார முடியாது என்பதால் பெட்டியை அரிசி டிரம் மேல் ஏற்றி நின்றுகொண்டே வாசித்தார். இடது கை துருத்தியை அடிக்கிற வேகத்தைப் பார்த்தால் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிறார் என்றுதான் தோன்றும். இரண்டு வரி வாசிப்பார். வாசலுக்குப் போய் பீடி பற்றவைப்பார். பாதியில் அணைத்துவிட்டு ஓடிவந்து மூன்றாம் வரியைப் பிடிப்பார். வேலைக்குப் போகும்போது ரயிலில் முன் சீட்டின் பலகையை விரலால் தட்டிக்கொண்டே போவாராம். பக்கத்தில் இருந்த ஒரு ஆள், "இன்னாய்யா, தந்தி அடிக்கிறியா?" என்று எழுந்தே போய்விட்டானாம்.

பெட்டிச் சத்தம் கேட்டதும் ரத்னா எழுந்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட அவள் கூட நின்று பாடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. முழுசாக வந்த பிறகு கூப்பிடலாம் என்று இருந்துவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது.

ஆவணி கடைசியில் மூன்று பாட்டும் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டன. முதல் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, ரத்னாவைக் கூப்பிட்டார். என்னையும் சாட்சிக்கு வரச்சொன்னார். அவர் ஆரம்பித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல் எழும்பியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடி பல் கூசியது. பெட்டி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பேசின் பிரிட்ஜில் தண்டவாளம் பிரிகிற மாதிரி இரண்டும் தனித்தனியாகப் போயின.

"இறக்கிப் பாடு, இறக்கிப் பாடு."

அவள் இறக்கிப் பார்த்தாள். தொண்டைக்குள்ளேயே முனகியது. இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கமாலை வேலை முடிந்ததும் கையோடு இழுத்துவந்தார். ரத்னா ஒரு வரி பாடினாள். கமால் கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா பாட்றது அஞ்சரக் கட்டையிலண்ணே. நீங்க கத்துக்கினது ஒண்ணாங் கட்டையில. பொம்பளைங்க தொண்ட மேலதான் நிக்கும். இங்கேர்ந்து, இந்தக் கறுப்புலேர்ந்து தொடங்கணும்."

"அப்போ நம்பரு?"

"எல்லாமே மாறிடும். பாதி கறுப்புல வரும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"உங்களுக்கா? ஒரு வருசம்."

"சனிக்கெழம நாளன்னிக்கு நைனா!"

"இன்னாண்ணே பண்றது, பேஜாருதான்."

மணவாளன் வீட்டுக்குள் எத்தனை சுற்று சுற்றினார் என்று கணக்கில்லை. பிறகு பெட்டியின் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு பித்தளை ரீட், இரண்டு திருகாணி. அந்த ரீட்தான் சத்தம். கட்டை வெறும் வால்வு மாதிரி. அதைப் பார்த்ததும் அவர் நடை நின்றுபோனது.

"கமாலு, கறுப்பையும் சேத்து எண்ணுனா, ஒண்ணுலேர்ந்து அஞ்சரக்கி எத்தினி கட்ட?"

"எட்டு."

"அஞ்சர ரீட்ட கழட்டி ஒண்ணுல மாட்டுனா?"

கமால் வாயைத் திறந்தபடி நின்றான். "அல்லாவே! பொட்டிய பம்பு செட்டுன்னு நெனச்சிக்கினீங்களா?"

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் வெள்ளை வேட்டியைப் பரப்பி, அத்தனை ரீட்டையும் கழற்றி வரிசையாக வைத்தார். அன்றைக்குத்தான் அவர் ஒரே இடத்தில் எட்டு மணிநேரம் உட்கார்ந்து பார்த்தேன். ரத்னா வாசற்படியில் நின்றுகொண்டு, "அண்ணன் பொட்டிங்க, அண்ணன் பொட்டிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் இடப்பக்கமாக எட்டு இடம் தள்ளி மாட்டினார். சின்ன ரீட் பெரிய ஓட்டைக்குப் போனபோது காற்று ஒழுகியது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி அடைத்தார். இடக்கோடியில் எட்டு ரீட் மிஞ்சி ஒரு டப்பாவுக்குள் போனது. வலக்கோடியில் எட்டுக் கட்டைகள் ரீட் இல்லாமல் ஊமையாயின. வெளிச்சம் மங்குவதற்குள் மூடியைப் பூட்டி, ஒன்றாம் நம்பர் கட்டையை அழுத்தினார். கொஞ்சம் சளி பிடித்த மாதிரி ஒரு சத்தம். ஆனால் ரத்னாவின் சுருதி.

சனிக்கிழமை சாயங்காலம் பஜனைக் கோயில் நிறைந்துவிட்டது. துளசிராமன் வெள்ளைச் சட்டையில், எப்படியும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மணவாளன் பெட்டியை ஒரு முக்காலிமேல் வைத்து நின்றுகொண்டார். ரத்னா பாடினாள். முதல் பாட்டில் அவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். அவள் நின்று, அவர் வந்து சேருகிறவரை காத்திருந்து, பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது பாட்டுக்குக் கோயிலே சேர்ந்து பாடியது. மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சபாஷ் மாப்ள! எனக்கு ஒண்ணாங் கட்ட சுருதி குடு. நான் ஒண்ணு பாட்றேன்."

மணவாளன் ஒன்றாம் கட்டையை அழுத்தினார். வேறென்ன செய்வார்? மாமா வாயைத் திறந்தார், குரல் உச்சியில் போய் மாட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. பெண்கள் பக்கம் சிரிப்பு.

"இன்னாடா இது?"

துளசிராமன் எழுந்துவந்து கை வைத்தார். எங்கே தொட்டாலும் வேறொன்று பேசியது. மேலே போனார், சத்தமே இல்லை. "பேய் புடிச்சிக்கிதா பொட்டிக்கு?" என்று கையை எடுத்துக்கொண்டார்.

மணவாளன் நடந்ததைச் சொன்னார். கோயில் ஒரே கூச்சலானது. ஊர்ப் பொருளைக் கழற்ற யார் அதிகாரம் கொடுத்தது, வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மாமா பெட்டியின் பக்கம் விரலை நீட்டினார்.

"அடுத்த சனிக்கெழமைக்குள்ள பழையபடி மாட்டி, கிளார்க்கு ஊட்ல கொண்டாந்து வெச்சிடு. தெரிதா?"

"மாட்டிட்றேன் மாமா" என்று மணவாளன் தலையைத் தொங்கப்போட்டார்.

ரத்னா பெட்டிக்கும் மாமாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். பெரியவர்கள் முன்னால் அவள் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாமா, வாசிக்கிறவர் ஊட்லதானே பொட்டி இருக்கணும்?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"இப்போ கீற மாதிரி இத இங்க யாரு வாசிப்பாங்க?"

மாமா துளசிராமனைப் பார்த்தார். துளசிராமன் கூரையைப் பார்த்தார்.

"அது நீங்களா கெடுத்தது, ரத்னா."

"கெடுத்தாரோ இன்னா பண்ணாரோ. நான் பாடுனேனா இல்லியா? ஒன்றர வருசமா எவ்ளோ பேரு வந்து கூப்டீங்க. பாடுனேனா?"

மாமா பெட்டியை ஒரு தரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தாளத்த எடுங்கடா, நான் வெறுந் தாளத்துக்கே பாட்றேன்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு; பெட்டி ரத்னா வீட்டுக்கே திரும்பியது. அடுத்த சனிக்கிழமை துளசிராமன் தம் சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து எங்கள் கோஷ்டிக்கு இரண்டு ஆர்மோனியம்.

மணவாளன் அந்த மூன்று பாட்டுக்கு மேல் பிறகு நாலோ ஐந்தோதான் கற்றுக்கொண்டார். எழுபத்தைந்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி அரக்கோணம் வண்டி பிடித்து ஓடிவருவார். வண்டி தாமதமானால் கோயிலில் மற்றவர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். ரத்னா தூணோரம் உட்கார்ந்து வாசலையே பார்த்திருப்பாள். "இன்னிக்கி கிளார்க்கே வாசிக்கட்டுமேம்மா, அவருக்கு அஞ்சரயும் வரும்" என்று மாமா ஒருதரம் கேட்டார்.

"வேணாம் மாமா, வந்துனு இருப்பாரு" என்றாள்.