சாட்சி சொன்ன வாயால் மாத்திரை விழுங்கினேன்

அரியலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் சளி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை பயத்தோடு, இரண்டாவது முறை கோபத்தோடு. பயத்தைவிடக் கோபம் நல்லது. பயந்தவள் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். கோபக்காரி டாக்டர் கூப்பிடும்வரை இருப்பாள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். உங்களுக்குக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் டி.பி.) என்று சொல்லியிருந்தால் இதை நிதானமாகப் படியுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷத் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள்) இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் துப்பியதில் ரத்தம் இருந்ததை மருமகள் ரெஜினா பார்த்துவிட்டாள். "அத்தை, கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஆறு மாதம் மாத்திரை என்றார்கள். திங்கள், புதன், வெள்ளி அங்கன்வாடி டீச்சர் முன்னால் நின்று விழுங்க வேண்டும் (நேரடிக் கண்காணிப்பு சிகிச்சை என்று இதற்குப் பெயர், நாம் வீட்டில் ஒழுங்காகப் போடுவோம் என்று நம்பமாட்டார்கள், அது சரிதான் என்று பிறகு தெரிந்தது). மூத்திரம் செங்காவியாகப் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம்.

என்னோடு மாத்திரை வாங்கியவள் சகாயமேரி. எங்கள் தெருக்காரி. முப்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். "பெரியம்மா, நீங்க மொதல்ல முழுங்குங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா நான் முழுங்குறேன்" என்பாள். டீச்சர் சிரித்துவிடுவார்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. பசி வந்தது. அந்த நேரம் எங்கள் அன்பியத்திலிருந்து (பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் குழு) வேன் வைத்து ஒரு குணமளிக்கும் செபக்கூட்டத்துக்குப் போனோம். தலையில் கை வைத்துச் செபித்தார்கள். அழுதேன். உடம்பு லேசானது போல இருந்தது. அடுத்த வாரம் அன்பியத்தை நடத்தும் அந்தோணியம்மாள், "அக்கா, சாட்சி சொல்லுங்க. ஆண்டவர் செஞ்சத மறைக்கக் கூடாது" என்றாள்.

எழுந்து நின்றேன். "எனக்குச் சுகமாயிடுச்சு. நோய் போயிடுச்சு" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அறுபது வயதுக்கு மேலாகியும் அதுவரை எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாத்திரைக்குப் போகவில்லை. சுகமாகிவிட்டது என்று அத்தனை பேர் நடுவில் சொன்னவள் மறுபடி டம்ளரோடு போய் நின்றால் சாட்சி பொய்யாகிவிடுமே! இதில் பக்தி பாதி, வறட்டுக் கௌரவம் பாதி. டீச்சர் வீடு தேடி வந்தார். "உங்க வேலையப் பாருங்க டீச்சர்" என்று திருப்பி அனுப்பினேன்.

ஐந்தாவது மாதம் ரத்தம் திரும்ப வந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். என் மகனைவிடச் சின்னவர்.

"யாரும் சொல்லல. நானேதான்."

"கிருமி சாகலம்மா, மயங்கிக் கெடந்துச்சு. இப்ப எழுந்துடுச்சு. இந்தத் தடவ எட்டு மாசம். கூடவே இருபத்துநாலு ஊசி. இதையும் விட்டீங்கன்னா அடுத்து என்ன மருந்து குடுக்குறதுன்னு எனக்குத் தெரியாது."

அந்தோணியம்மாள் பார்க்க வந்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "இது ஆண்டவர் குடுத்த சிலுவைக்கா. எப்பவும் மகிழ்ச்சியா இருக்கணும்" என்றாள். "நீ ஊசியப் போட்டுக்கிட்டுச் சிரி. நான் பாக்குறேன்" என்றேன். போய்விட்டாள். எங்கள் வீட்டு முறை வந்தபோது அன்பியம் எங்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது.

அந்தக் கோபமெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபம் பிறகு வந்தது. ரெஜினா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தை, சகாயமேரியும் மாத்திரையை விட்டுட்டாளாம். நீங்க சாட்சி சொன்ன வாரத்துலேருந்து. பெரியம்மாவுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆகும்னு சொல்லிட்டு இருந்தாளாம்."

நான் என்னையே கொன்றுகொண்டிருந்தால் அது என் பாடு. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இரண்டு பிள்ளைகளின் தாயையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த வாரம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அன்பியம் கூடிய வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடி, "நான் சாட்சி சொல்லணும்" என்றேன்.

"செபம் முடியட்டும்க்கா" என்றாள் அந்தோணியம்மாள்.

"செபம் இருக்கட்டும். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஆண்டவர் பொய் சொல்லல, நான்தான் அவசரப்பட்டேன். அவரு மாத்திரையாத்தான் சுகத்தக் குடுத்தாரு. நான் அந்தக் கையத் தட்டிவிட்டுட்டேன். ரத்தம் திரும்ப வந்துடுச்சு. என்னப் பாத்து யாராவது மருந்த விட்டிருந்தா நாளைக்கே போங்க."

யாரும் கைதட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த சகாயமேரி பாதியாக இளைத்திருந்தாள்.

"எனக்கு வெக்கமா இருக்கு பெரியம்மா" என்றாள்.

"எனக்கு மட்டும் இல்லியா? ரெண்டு பேருமா வெக்கப்படுவோம், வா."

வந்தாள். அவளுக்கும் ஊசி என்றார்கள். வாரம் மூன்று நாள் பஸ் பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஊசி போட்ட இடம் கட்டிப்போய் நடக்கவே முடியாது. "பெரியம்மா, நீங்க எடது பக்கம் நொண்டுங்க, நான் வலது பக்கம் நொண்டுறேன். மோதிக்காமப் போவலாம்" என்றாள் ஒருநாள். நடுரோட்டில் நின்று சிரித்தோம். சிரித்ததில் இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தோம். பிரசங்கத்தில் கேட்ட மகிழ்ச்சி இதுதான் என்று அப்போது தோன்றியது. மகிழ்ச்சியாக இரு என்று யாரும் எனக்கு உத்தரவு போடாத இடத்தில் அது வந்தது.

இருவருக்கும் சளியில் கிருமி இல்லை என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அவளுக்கு ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் (பாவத்தைச் சாமியாரிடம் அறிக்கையிடுவது) சாமியார் என்னை மன்னித்துவிட்டார். சகாயமேரியும் மன்னித்துவிட்டேன் என்கிறாள். நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் என்னிடம் இருக்கட்டும். யாராவது "சுகமாயிடுச்சு, மருந்து வேணாம்" என்று சொல்லும்போது அது எனக்குத் தேவைப்படுகிறது.

ஊசியால் இடது காது மந்தமாகிவிட்டது. மருந்து முடிந்து வருஷமான பிறகும் திங்கள், புதன், வெள்ளி காலையில் வயிறு குமட்டுகிறது. உடம்புக்கு மற்ற நாள் கணக்கில் இல்லை போல.

பூசையில் இப்போது ஒரு வரியை ஒரே மூச்சில் பாட என்னால் முடியாது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவேன். பாட்டு என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். பக்கத்தில் சகாயமேரிக்கும் அதே கதிதான். கோயில் முழுக்கப் பாடி முடித்து உட்கார்ந்த பிறகு நாங்கள் இருவரும் கடைசி வரியைப் பாடிக்கொண்டிருப்போம். திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முடித்துவிட்டுத்தான் உட்காருவோம்.