பல் செய்கிறவனும் பேய்ப்படமும்

ஒருவர் செருப்பைக் கழற்றிப் போடுகிற விதத்தைப் பார்த்தே, அவருக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பியதில்லை. ஆயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். இருபது பேர் இருக்கும், அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஆனால் என் தம்பி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

தம்பிக்குப் பொய்ப்பல் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, சந்துக்குள் ஒரு சின்னப் பட்டறையில் பகலெல்லாம் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பான். அத்தனை வாய்க்கும் பல் கொடுத்தவன் தன் வாயை மட்டும் திறக்கமாட்டான். வீட்டில் மனைவி, மாமியார், இரண்டு மகள்கள். நால்வருக்கும் அழுகைப் படம் இருந்தால் போதும். வேலை முடிந்து வந்ததும் இவன் போடுவதோ பேய்ப்படம். திரையில் ஒரு கதவு கிறீச்சிட்டால் போதும், கூடம் காலி.

மனோதத்துவம் படிக்கும் மூத்த மகள் ஒருநாள் தாயிடம் காரணம் சொன்னாள்: "எல்லாம் அடக்கி வச்ச கோபம்மா. அப்பா உள்ளுக்குள்ள கொதிக்கிறாரு. தனியா விடக் கூடாது."

அன்று மாலையே மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் மாமியார். கீழே தலையணையோடு மகள்கள். திரையில் ரத்தம் தெறிக்கும்போதெல்லாம், "மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க" என்று ஆளுக்கொரு முறை கேட்டார்கள். போகப்போக மாமியாருக்குப் பேய்கள் மேல் பாசமே வந்துவிட்டது. "அந்தப் பேய் பாவம், மாப்பிள்ளை. அதுக்குன்னு யாரு இருக்கா?"

தம்பி என்னிடம் வந்து புலம்பினான். "அக்கா, எனக்குப் பேய்னாலே பயம். அது மூஞ்சியைக் காட்டுற இடத்துல கண்ணை மூடிக்குவேன்."

"அப்புறம் ஏண்டா பார்க்குற?"

"அதைப் போட்டாத்தான் எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க. ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேக்காம உட்காரணும், அவ்வளவுதான். சண்டைப் படம் போட்டுப் பார்த்தேன், சின்னவ வந்து உட்கார்ந்துட்டா. இப்ப பேயும் கைய விட்டுப் போச்சு."

"அதை வீட்டுல நேரா சொல்லேன்."

"ஏன் தனியா இருக்கணும்னு கேப்பாங்க. அதைச் சொல்லி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிடும்."

நானே போனேன். ஒரு வாரம் முழுக்க வாதாடினேன். மூத்தவளின் மனோதத்துவத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். கடைசியில் தம்பி மனைவி மனமில்லாமல் இறங்கி வந்தாள். மற்றவர்களையும் கூடத்திலிருந்து கிளப்பினாள்.

இதுவரை எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

"வாரமாவது ஒண்ணாவது அண்ணி, குடுத்த டீ ஆறுறதுக்குள்ள நான் சரின்னு சொல்லிட்டேன். மனமில்லாமன்னு வேற எழுதியிருக்கீங்க. அவரு கூடத்துல பேயோட இருந்தா, எல்லாரும் ரூமுக்குள்ள போயிடுவாங்க. அடுப்படியில நான் கதவைச் சாத்திக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததுல அந்த ஒரு மணி நேரம் எனக்கும்தானே போச்சு."