மழையில் நாற்பது

ரத்னவேல் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் நத்தை. வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பிடோக் கட்டுமானத் தளத்திலிருந்து புக்கிட் பாத்தோக் பக்கம் நாங்கள் தங்கும் டார்மெட்டரிக்கு எங்களை லாரியில் ஏற்றிப் போவது அவர் வேலை. போன டிசம்பர் வரை எல்லோரையும் போலத்தான் ஓட்டினார். ஒரு மழைநாளில் கிளமெண்டி சிக்னலில் பிரேக் அடித்தார். லாரி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. பின்னால் இருந்த சுரேந்தருக்கு முன்பல் இரண்டு போயின. சுரேந்தர் அவர் மனைவியின் ஒரே தம்பி. ஊரிலிருந்து கூட்டி வந்ததே இவர்தான்.

அதன்பிறகு தூறல் விழுந்தாலே நாற்பது கிலோமீட்டர் வேகம்தான். முன்வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே நாலு கார் நுழையும். தார்ப்பாய் பேருக்குத்தான், பின்னால் நாங்கள் தொப்பலாக நனைவோம். லேட்டாகப் போனால் குளிக்க, சமைக்க வரிசையில் நிற்க வேண்டும். ஆத்திரத்தில் கேபினை ஓங்கித் தட்டுவோம். தட்டினால் வேகமாகப் போக வேண்டும், எங்கள் லாரியில் அதுதான் வழக்கம்.

இறங்கியதும் அவர் சுரேந்தரைக் காட்டிச் சொல்வார்: "நல்லா தட்டுங்கடா. நாளைக்கு அவன் அக்காவுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

கடைசியில் சூப்பர்வைசரிடம் போய்ப் புகார் சொன்னோம். சாவி, எங்களில் லைசென்ஸ் வைத்திருந்த பிரபாகர் கைக்குப் போனது. ரத்னவேல் அண்ணன் எங்களோடு பின்னால் ஏறினார். அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எக்ஸ்பிரஸ்வேயில் மழை கொட்டித் தீர்த்தது. பிரபாகர் எழுபதைத் தாண்டியிருப்பான். ஒரு வளைவில் பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்தது. ஓரத்தில் இருந்த சுரேந்தரின் சட்டையைப் பிடித்து அண்ணன் உள்ளே இழுத்தார். போன் போட்டார். வண்டி ஓட்டும்போது பிரபாகர் போன் எடுக்க மாட்டான். அந்த ஒரு நல்ல பழக்கம் அவனுக்கு உண்டு.

"டேய், மெதுவா போடா! மெதுவா லா!" அவர் கத்தியது மழையில் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உக்காருங்க மாமா, விழுந்துடுவீங்க!" சுரேந்தர் அழ ஆரம்பித்துவிட்டான்.

அவர் உட்காரவில்லை. தள்ளாடித் தள்ளாடி முன்னால் போய், இரண்டு கையாலும் கேபினைத் தட்டினார்.

"அண்ணே, தட்டாதீங்க!" என்று நான் பாய்ந்து அவர் கையைப் பிடிப்பதற்குள், பிரபாகர் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.